சர்க்கரை வந்த வீட்டில் சோறு

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலில் கோரைக்கிழங்கு மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செய்கிற பிரசாதம் பெயர் பெற்றது. மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் வராகத்துக்கு உகந்தது அதுதான் என்பது நம்பிக்கை. சர்க்கரை நோய் இருப்பதாகப் புதிதாகத் தெரியவந்தவர்கள் இந்த வட்டாரத்தில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இனிமேல் பிரசாதம் வாங்கலாமா?" என்பது. அடுத்து காப்பிக்குச் சர்க்கரை, அதற்கடுத்து பண்ருட்டிப் பலாச்சுளை, மாம்பழம். எல்லாக் கேள்வியும் இனிப்பைச் சுற்றியே வருகிறது. "சோறு எவ்வளவு சாப்பிடலாம்?" என்று முதலில் கேட்பவர் அரிது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு போட்டுக்கொண்டால் 450 கிராம் எளிதாக வந்துவிடும். அதில் 125 கிராம் மாவுச்சத்து. குடலுக்குள் அது குளுக்கோஸாக உடைந்துதான் ரத்தத்தில் சேர்கிறது. காப்பியில் இரண்டு கரண்டிச் சர்க்கரையை விட்டுவிட்டு, சோற்றை மட்டும் பழைய அளவிலேயே சாப்பிடுகிறவர் 10 கிராமை நிறுத்திவிட்டு 125 கிராமைத் தொடாமல் வைத்திருக்கிறார். சோறு நாக்கில் இனிப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கு மனதில் ஏறுவதில்லை.

21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'பியூர்' ஆய்வு 2020-இல் வெளியானது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களையும் 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களையும் அது ஒப்பிட்டது. அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உலக அளவில் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் மட்டும் அது 61 சதவீதம். இது கவனித்துப் பார்த்த ஆய்வு. சோறுதான் காரணம் என்று தனியாக நின்று நிரூபிக்காது. ஆனால் நம் தட்டைத் திரும்பிப் பார்க்க வைக்க இது போதும்.

ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிழக்கே வீராணம் ஏரிப் பாசனம். காட்டுமன்னார்கோயில் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். மேற்கே விருத்தாசலம் பக்கம் போனால் செம்மண்; முந்திரி, மணிலா, கரும்பு, ஒரு காலத்தில் வரகு. நாற்று நடவும் களையெடுப்பும் கதிர் அறுப்பும் கையால் நடந்த நாளில் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டவரின் தசை அதை மாலைக்குள் எரித்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் இறங்கினால் சில மணி நேரத்தில் வயல் முடிந்துவிடுகிறது. வேலை மாறியது, தட்டு மாறவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை ஒழித்த பெரிய காரியம் அது. அதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அரிசி இலவசமாகவும் பருப்பும் முட்டையும் காய்கறியும் காசுக்கும் கிடைக்கிற வீட்டில் தட்டு எதனால் நிரம்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. "சோற்றை விடுங்கள், பாதாம் சாப்பிடுங்கள்" என்று நகரத்திலிருந்து வரும் அறிவுரை இங்கே எடுபடாமல் போவது அதனால்தான்.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது? சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேர்க்கச் சொல்லும் கட்டளைதான் இன்சுலின். கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் கோளாறு இரண்டு இடத்தில். தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து சுரந்து பீட்டா செல்கள் களைத்துவிடுகின்றன. இதெல்லாம் நடக்கும்போது வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த 'யூகேபிடிஎஸ்' ஆய்வில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டனர். நோய் தெரிந்த நாளிலேயே பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்று அந்த ஆய்வின் கணக்கு காட்டியது. "போன மாசம்தான் வந்தது" என்று சொல்கிறோம். அது வந்து பல வருடம் ஆகியிருக்கும். போன மாதம் தெரியவந்தது, அவ்வளவே.

"நான் குண்டாக இல்லையே, எனக்கு எப்படி?" என்ற கேள்விக்குப் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் 2004-இல் ஒரு படத்தால் பதில் சொன்னார். அவரும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் படம் 'லான்செட்' இதழில் வெளியானது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடலில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், உள்ளே வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு: இந்தியர்களின் உடல்வாகு பெரும்பாலும் இப்படித்தான். எடைக் கருவியைவிட இடுப்பு அளக்கும் நாடா நமக்கு அதிகம் சொல்லும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனம் தேவை.

அந்தக் கொழுப்பு எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2011-இல் 11 நோயாளிகளுக்கு எட்டு வாரம் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார். முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கணையத்தில் படிந்த கொழுப்பும் மெல்லக் குறைய, களைத்திருந்த பீட்டா செல்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. பிறகு அவரும் ஆய்வாளர் மைக் லீனும் நடத்திய பெரிய ஆய்வான 'டைரக்ட்' 2017-இல் வெளிவந்தது. நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஓராண்டு முடிவில் உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு அந்தப் பலன் கிடைத்தது.

இதைப் படித்ததும் நாளையே பட்டினி கிடக்க யாரும் முடிவு செய்ய வேண்டாம். அந்த உணவு மருத்துவக் கண்காணிப்பில், மாத்திரைகளை முறையாக நிறுத்திவிட்டுக் கொடுக்கப்பட்டது. பலனும் எல்லோருக்கும் நிலைக்கவில்லை: இரண்டாம் ஆண்டில் 36 சதவீதமாகக் குறைந்தது, ஐந்தாம் ஆண்டில் 13 சதவீதம். எடை திரும்ப ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. அதனால்தான் மருத்துவர்கள் 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை, 'தணிந்திருக்கிறது' என்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை அளவு, மருந்தில்லாமல் குறைந்தது மூன்று மாதம் 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் அதற்கான வரையறை. ஒரு மண்டலத்தில் வேரோடு தீர்க்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொடுப்பவர்கள் பணத்தோடு சேர்த்து, எதையும் சரிசெய்ய ஏற்ற முதல் ஆண்டையும் இழக்கிறார்கள். அந்த இரண்டாவது இழப்பு பெரியது. யூகேபிடிஎஸ் ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்து 2008-இல் திரும்பிப் பார்த்தபோது, ஆரம்பத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் என்ற இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிப்போயிருந்தது. ஆனாலும் ஆரம்பத்திலேயே கட்டுக்குள் வைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன.

ஆகவே தட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையில் மருத்துவர் வி. மோகன் நிறுவிய ஆய்வு நிலையமும் சேர்ந்து நடத்தும் 'இண்டியாப்' ஆய்வு, நாம் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டது. அதே குழு 2022-இல் 18,090 பேரின் உணவுத் தரவை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. புதிதாக நோய் தெரிந்தவருக்கு அது தணிய வேண்டுமென்றால் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமாகவும் புரதம் 19, 20 சதவீதமாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. கவனியுங்கள்: சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கி, அந்த இடத்தில் புரதத்தை வைக்கச் சொல்கிறது.

நடைமுறையில் இதை வரிசை மாற்றித் தொடங்கலாம். முதலில் பொரியலும் கூட்டும், அதோடு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. காயையும் புரதத்தையும் முன்னால் சாப்பிட்டால் அதே சோற்றுக்கு ஏறும் சர்க்கரை குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிறு பாதி நிரம்பிய பிறகு சோற்றுக்குக் கை நீள்வதும் குறையும். மூன்று முறை போட்டுக்கொள்வதை ஒரு முறையாக்கி, அதிலேயே குழம்பும் மோரும் முடித்துக்கொள்ளலாம். முடசலோடை, கிள்ளை, பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும் மலிவானவை. அவற்றை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வைத்தால் ஒரு வேளைக்குத் தேவையான புரதம் வந்துவிடும். மீன் தொடாத வைணவ வீடுகளில் கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, தயிர். நவராத்திரிக்கு மட்டும் சுண்டல் செய்யும் வழக்கத்தை ஆண்டு முழுக்க மாலைச் சிற்றுண்டியாக்கிக்கொண்டால் வடைக்கும் பிஸ்கெட்டுக்கும் இடமில்லாமல் போகும். ஒரு பிடி வறுத்த மணிலாவும் நல்லதே. ஒரு பிடி என்பது முக்கியம். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, காலையில் ஒரு முறை நடப்பதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. நடக்கிற தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

சிறுதானியங்கள் மீது இன்று வைக்கப்படும் நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. வரகும் சாமையும் தவிடு நீங்காமல், முழுதாக, அளவாகச் சாப்பிட்டால் வெள்ளை அரிசியைவிட நல்லவைதான். ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. மெருகேற்றிய வரகரிசியில் இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். அரைத்துக் கரைத்த எதுவும் சீக்கிரம் செரிக்கும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடச் சற்று மேல். தவிடுள்ள மாப்பிள்ளைச் சம்பா அதைவிட மேல். ஆனால் எல்லாமே சோறுதான், அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சேத்தியாத்தோப்பு ஆலையில் வெளுத்த சர்க்கரைக்குப் பதிலாக ஊரில் காய்ச்சிய வெல்லம் போட்டால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் இங்கே வலுவாக இருக்கிறது. இரண்டும் ஒரே கரும்பு. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனும் கருப்பட்டியும் அப்படியே.

பலாவைப் பற்றி ஒரு நல்ல சேதி. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் நோயாளிகள் 40 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. தினமும் 30 கிராம் அரிசி மாவுக்கோ கோதுமை மாவுக்கோ பதிலாகப் பலாக்காய் மாவு சேர்த்துக்கொண்டவர்களுக்கு எச்பிஏ1சி கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வு. ஆனாலும் பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது, பிஞ்சிலும் காயிலும் பலாவைப் பொரியலாக்கிச் சோற்றைக் குறைப்பது எளிது. பழுத்த சுளை வேறு கதை. ஒன்றிரண்டோடு நிறுத்த வேண்டும். பிரசாதமும் அப்படித்தான். உள்ளங்கையில் வாங்கும் அளவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதைக் கிலோக் கணக்கில் வீட்டுக்கு வாங்கி வருவதுதான் கூடாது.

நோய் வந்தவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பது இரண்டு மாதத்துக்கு மேல் நீடிப்பதில்லை. நோய் வந்தது வீட்டுப் பெண்ணுக்கு என்றால் அந்த இரண்டு மாதம்கூட இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது பொரியல் தீர்ந்திருக்கும், மீன் துண்டு தீர்ந்திருக்கும். மிஞ்சுவது சோறும் ரசமும். வீணாகக் கூடாதென்று அதைச் சாப்பிட்டு முடிப்பதும் அவர்தான். அவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் உணவுப் பட்டியலை அவர் வீட்டு ஆண்கள்தான் முதலில் படிக்க வேண்டும். அவருக்கான பொரியலை முன்கூட்டியே எடுத்து வைப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலை.

இனி எதிர்பார்ப்பைப் பற்றி. தட்டை மாற்றிய சில நாளிலேயே சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சர்க்கரை இறங்கத் தொடங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மெதுவாகத்தான் இறங்கும். "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் 150 காட்டுகிறதே" என்று பலர் கலங்குகிறார்கள். இரவில் மூளைக்குக் குளுக்கோஸ் கொடுக்கக் கல்லீரல் தன் இருப்பிலிருந்து அவிழ்த்துவிடுகிறது; விடியலில் சுரக்கும் சில ஹார்மோன்கள் அதை இன்னும் தூண்டும். இன்சுலினின் சொல்லைக் கேட்காத கல்லீரல் அளவுக்கு மேல் அவிழ்க்கிறது. இரவுப் பட்டினி அதைச் சரிசெய்யாது. மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் அந்தத் தாராளத்தைக் குறைப்பதுதான். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது மூன்று மாதக் கதையைச் சொல்லும். பத்து நாள் பத்தியம் இருந்துவிட்டு அதைச் சோதிப்பதில் பயனில்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்த அளவு பிசகலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்ட மறுநாள் வரும் ஓர் எண்ணை வைத்து மனம் உடைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் எண் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.

மாத்திரை தொடங்குவது தோல்வி அல்ல. உணவைச் சரியாக மாற்றியவருக்கும் அது தேவைப்படலாம். பீட்டா செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. மெட்ஃபார்மினால் முதலில் வயிறு புரட்டும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பல ஆண்டுகள் எடுக்கும்போது பி12 சத்து குறையக்கூடும். சைவ உணவுக்காரர்கள் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஏகாதசி விரதம் இருப்பவர்களும், ரம்ஜான் நோன்பு இருப்பவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் விரதத்தை அங்கேயே முடித்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்வது அதைவிட மேல்.

நோய் தெரிந்த அந்த மாதத்திலேயே விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்; தெரியாமல் கழிந்த ஆண்டுகளில் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வரும். விழித்திரைச் சோதனைக்கு நாம்தான் போக வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவமனை. போய்வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை ஒதுக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இண்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்றாண்டில், எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்போது தெரியவந்திருந்தால், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, முப்பது தாண்டிய பிள்ளைகள் எல்லோரும் இந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை.